உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது? ஒரு சோதனைக் கேள்வியும் எங்கட ஊரின் சரித்திரமும்

‘பாட்டுக் கேட்க விருப்பமா? எப்படியான பாட்டுக் கேட்பீர்கள்? எந்த நேரத்தில் கேட்பீர்கள்? பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்தீர்களா? ஏதாவது வாத்தியம் வாசிப்பீர்களா?’

ஐயெல்ட்ஸ் சோதனைக்குப் படித்த எல்லாருக்கும் இந்தக் கேள்விகள் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் கதைக்கிற பகுதியின் முதல் நாலைந்து நிமிடத்தில் வரக்கூடியவை. வீடு, படிப்பு, வேலை, சாப்பாடு, பாட்டு என்று எல்லாருக்கும் தெரிந்த விசயங்களைக் கேட்டு, வந்திருப்பவரின் பதற்றத்தைக் குறைக்கிறதுதான் நோக்கம். திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கத்தில் வகுப்புக்குப் போகிற பெடியள், பெட்டையள் பலர் இதற்கு ஒரு விடையைப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். ‘எனக்கு பொப் இசை பிடிக்கும். அது மனதை இலேசாக்கும். இரவு படுக்கப் போகும்போது கேட்பேன்.’ சொல்லுகிற ஆள் மாறும், விடை மாறாது.

இந்த விடையில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதைச் சொல்லுகிற ஆள் யார், எந்த ஊர், எந்த வீடு என்று ஒரு துளியும் தெரியாது. பாட்டுக் கேட்கிறதைப் பற்றிச் சொல்ல ஏன் எங்களுக்கு ஒரு இரவல் விடை தேவைப்படுகிறது? ஆங்கிலம் காணாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கேள்விக்குள்ளேயே இருக்கு. தனக்கென்று ஒரு கருவி, தனக்கென்று ஒரு நேரம், தானே தெரிவு செய்த பாட்டு, இவ்வளவும் உள்ள ஒருவரை மனதில் வைத்துத்தான் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. எங்கட குடாநாட்டின் சரித்திரத்தில் அப்படியான ஆள் மிகவும் பிந்தி வந்தவர். அவருக்கு முதல், எதைக் கேட்கிறது, எப்ப கேட்கிறது, ஆர் கேட்கிறது என்பதைக் கோயிலும் சாதியும் வானொலியும் போரும் தீர்மானித்தன. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். சோதனைக்குப் போகிறவருக்கும் அது உதவும் என்பது எங்கட எண்ணம்.

கேள்வி வந்த வழி

ஆங்கிலச் சோதனை யாழ்ப்பாணத்துக்குப் புதிது இல்லை. அமெரிக்க மிசனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். அதுக்குப் பிறகு கேம்பிரிட்ஜ் சோதனை வந்தது, லண்டன் மற்றிக்குலேசன் வந்தது. ஆங்கிலம் படித்தவருக்குக் கொழும்பிலும் மலாயாவிலும் கிளாக்கர் வேலை கிடைத்தது. ஆனால் இந்தச் சோதனைகளை எழுதினவர்களிடம் ‘உமக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்?’ என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மில்ரனும் சேக்ஸ்பியரும் தெரிந்தால் போதும். கைகட்டி எழுதுகிற ஆங்கிலம் அது.

பிறமொழிக்காரரின் ஆங்கிலத்தைச் சோதிக்க கேம்பிரிட்ஜ் 1913இல் ஒரு தனிச் சோதனை தொடங்கியது. மொழிபெயர்ப்பு, இலக்கணம், ஒலியியல், கட்டுரை எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு மணித்தியாலம். அதில் வாசிப்புக்கும் உரையாடலுக்கும் சேர்த்து அரை மணித்தியாலம் ஒதுக்கினார்கள். அந்த வருசம் மூன்று பேர் தோற்றினார்கள். மூன்று பேருமே பெயில்.

பிரிட்டனுக்குப் படிக்க வருகிற வெளிநாட்டு மாணவருக்காக பிரிட்டிஷ் கவுன்சில் 1965இல் பயன்படுத்தத் தொடங்கிய சோதனையில் வாசிப்பும் கேட்டலும்தான் முக்கியம். கதைக்கிற பகுதி இல்லை. 1980இல் அதற்குப் பதிலாக வந்த புதுச் சோதனையில் நேர்முகமாகக் கதைக்கிறதும் சேர்ந்தது. அவுஸ்திரேலியாவும் பங்காளியாகச் சேர்ந்த பிறகு, 1989இல், அது இப்போதைய ஐயெல்ட்ஸ் என்ற பெயரை எடுத்தது.

எங்கட கதைக்கு முக்கியமான வருசம் 2001. அந்த வருசம் கதைக்கிற பகுதியை மூன்றாகப் பிரித்து, சோதகர் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுத்தில் கட்டிப்போட்டார்கள். முதற்பகுதிக் கேள்விகள் அவர் கையில் இருக்கிற தாளில் அச்சடிச்சபடி இருக்கும். ஒரு சோதகர் சிரித்துச் சிரித்துக் கதைத்து உதவ, இன்னொருவர் முகம் கொடாமல் இருந்தால் நியாயம் கெடும் என்பதுதான் காரணம். அது சரியான காரணம்தான். ஆனால் அதன் விளைவையும் யோசிக்க வேண்டும். எங்கட ஊரில் கதை என்பது ரெண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. ஒராள் சொல்ல, மற்றாள் ‘ஓம்’, ‘பிறகு?’, ‘அட கடவுளே’ என்று கொக்கி போட்டுக்கொண்டே இருப்பார். சோதனையில் அந்தக் கொக்கி இல்லை. எதிரே இருக்கிறவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். பிள்ளைகள் இடையில் நின்றுபோகிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மேளம் ஆருக்கு அடிச்சது?

‘நான் பாட்டுக் கேட்கிறேன்’ என்ற வசனத்துக்கு ஒரு இயந்திரம் தேவை. இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியது 1902இல், கல்கத்தாவில். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமளவில்தான் பாட்டு. பாடுகிறவர் இல்லாத இடத்திலும் பாட்டு இருக்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி 1909இலேயே தன் கட்டுரைத் தொகுப்பு ஒன்றில் கிராமபோனைக் கண்டித்து ஒரு கட்டுரை சேர்த்தார். பாட்டைப் பாடுகிறவரிடமிருந்து பிரித்து இயந்திரத்துக்குள் அடைத்தால் இசைக்கும் கேடு, இசைஞருக்கும் கேடு என்பது அவருடைய வாதம். தடுக்க முடியாததைத் தடுக்கப் பார்த்தார் என்று இன்றைக்குச் சொல்லலாம். ஆனால் கேட்கிற பழக்கமே மாறப்போகுது என்பதை அவர் நேரத்தோடு கண்டுகொண்டார்.

அதுக்கு முதல் யாழ்ப்பாணத்தில் பாட்டு எங்கே இருந்தது? பெரும்பாலும் கோயில் வீதியில். திருவிழா இரவில் சாமி வெளிவீதி சுற்றி வரும்போது ஒவ்வொரு மூலையிலும் மேளம் நின்று வாசிக்கும். ரெண்டு மூன்று கூட்டத்தை அழைத்து எதிரெதிரே வாசிக்க விட்டால் அது மேளச்சமா. சனம் விடியும்வரை மணலில் குந்தியிருந்து கேட்கும். திருநெல்வேலியிலிருந்து சைக்கிளில் போனால் கிட்டவே இருக்கிற இணுவில், நாதஸ்வர, தவில் குடும்பங்களுக்குப் பேர்போன ஊர். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) என்ற தவில் மேதையை இந்த மரபுதான் உருவாக்கியது. தமிழ்நாட்டின் பெரிய வித்துவான்களே வியந்து கேட்ட தவில் அது. அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றது.

இந்த இடத்தில் ‘எந்த நேரத்தில் பாட்டுக் கேட்பீர்கள்?’ என்று கேட்டால் விடை பஞ்சாங்கத்தில்தான் இருக்கும். கொடியேறினால் பாட்டு, தீர்த்தம் முடிந்தால் பாட்டும் முடிஞ்சுது.

இதை ஒரு பொற்காலம் போலச் சொல்லி முடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. அந்த மணலில் எல்லாரும் குந்த முடியவில்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கோயிலுக்குள் போகிற உரிமைக்காக 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் போராட வேண்டியிருந்தது. தவில் மேளமாகக் கோயிலுக்குள் இருந்தது. பறை சாவீட்டுப் படலையில் நின்றது. பறை அடிக்கிறது சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டதால், அதை அடிக்க மாட்டோம் என்று மறுத்ததே ஒரு விடுதலைப் போராட்டமாக இருந்தது. ‘ஏதாவது வாத்தியம் வாசிப்பீர்களா?’ என்பது லண்டனில் ஒரு சாதாரணக் கேள்வி. எங்கட ஊரில் அது ‘நீ ஆர்ட பிள்ளை?’ என்ற கேள்வியின் பக்கத்து வீடு. வீணை படிக்கிறன், வயலின் படிக்கிறன் என்று சொல்லுகிற குரலும், அப்பா பறை அடிச்சவர் என்று சொல்ல வேண்டிய குரலும் ஒரே சத்தத்தில் வராது.

பள்ளிக்கூடத்தில் சங்கீதம்

‘பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்தீர்களா?’ என்ற கேள்விக்கு, உலகத்தில் வேறு பல ஊர்களைவிட எங்கட ஊரில் நீளமான விடை இருக்கு. இலங்கைப் பள்ளிக்கூடங்களில் ஆறாம் தரத்திலிருந்து சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் என்ற அழகியல் பாடங்களில் ஒன்றை எடுக்க வேண்டும். அதைவிட வட இலங்கைச் சங்கீத சபையின் தரம் தரமான சோதனைகள் தலைமுறை தலைமுறையாக நடக்கின்றன. தியறி ஒரு நாள், பிரக்ரிக்கல் ஒரு நாள். சங்கீதத்தையே சோதனையாக்கி, அந்தச் சேர்ட்டிபிக்கற்றைச் சட்டம் போட்டு முன்விறாந்தையில் மாட்டின ஊர் இது.

இதன் பின்னால் ஒரு பெரிய நிறுவனக் கதை உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்களுக்காக மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியையும், 1921இல் ஆண்களுக்காகத் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியையும் தொடங்கினார். அவருடைய மருமகன் சு. நடேசபிள்ளையின் முயற்சியால் 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கல்லூரி வந்தது. தமிழ்நாட்டிலிருந்து சித்தூர் சுப்பிரமணியபிள்ளை, மகாராஜபுரம் சந்தானம் போன்றவர்கள் வந்து அதற்கு அதிபராக இருந்தார்கள். 1974இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் பல்கலைக்கழக வளாகம் திறந்தபோது திருநெல்வேலி பல்கலைக்கழக ஊரானது. அடுத்த வருசம் நுண்கலைக் கல்லூரி அதனோடு இணைந்தது. இன்றைக்கு அது இராமநாதன் பெயரிலேயே ஒரு தனிப் பீடம்.

ஆக, திருநெல்வேலியிலிருந்து சோதனைக்குப் போகிற ஒரு பிள்ளை, சங்கீதத்தில் பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகத்தின் வாசலால் ஒவ்வொரு நாளும் ரியூசனுக்குப் போகிற பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு ‘மேளகர்த்தா’ தெரியும், ‘ஆதி தாளம்’ தெரியும். ஆனால் சோதனை அறையில் ‘பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தேன், அவ்வளவு சுவாரசியம் இல்லை’ என்று மாதிரி விடையை ஒப்புவிக்கும். தெரிந்ததை ஆங்கிலத்தில் சொல்ல ஒருவரும் பழக்கவில்லை. ஸ்வரத்துக்கும் தாளத்துக்கும் ஆங்கிலச் சொல் தேடவும் தேவையில்லை. ‘நாங்கள் இதைத் தாளம் என்று சொல்லுவோம், அது கையால் எண்ணுகிற ஒரு சுற்று’ என்று விளக்கினால், அப்படி விளக்கத் தெரிந்ததே ஒரு மொழித்திறன்.

வானொலி கேட்ட தலைமுறை

கொழும்பில் வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. ஆனால் பாட்டுக் கேட்கிறதை ஒரு நாளாந்தப் பழக்கமாக்கியது 1950இல் வந்த இலங்கை வானொலியின் வர்த்தக சேவை. ரெண்டு வருசத்தால் இந்தியாவில் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டுத் தரம் குறைந்தது என்று நினைத்தவர் அவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஒதுங்க, இந்திய நேயர்கள் கூட்டமாக இலங்கைப் பக்கம் ஊசியைத் திருப்பினார்கள். 1957இல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் தமிழ்நாட்டில் இலங்கை வானொலிக்கு இருந்த மவுசு பல வருசம் குறையவில்லை.

எங்கட பெரியவர்களுக்கு அந்த நிகழ்ச்சிகளின் பெயர்களைச் சொன்னாலே நேரமும் ஞாபகம் வரும். பொங்கும் பூம்புனல் என்றால் காலமை. பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம், இசையும் கதையும், பாட்டுக்குப் பாட்டு. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்ற குரல்கள் வீட்டு ஆக்கள் மாதிரி. றேடியோ இல்லாத வீடு பக்கத்து வீட்டு வேலியால் கேட்கும். தேத்தண்ணிக் கடையில் ஒரு பெட்டி இருந்தால் முழுச் சந்திக்கும் அது போதும்.

இங்கேயும் தெரிவு எங்கட கையில் இல்லை. ஆனால் ஒரு புது விசயம் நடந்தது. நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை எழுதினார்கள். ‘எனக்கு இந்தப் பாட்டு வேணும்’ என்று எழுதுகிறதோடு, சேர்ந்து கேட்கிற ஆக்களின் பெயர்களையும் எழுதுவார்கள். அம்மா, அப்பா, சின்னம்மா, மச்சாள்மார், பக்கத்து வீட்டுப் பிள்ளையள். விருப்பம் ஒருவருடையது, கேட்கிறது எல்லாருமாகச் சேர்ந்து.

அந்தக் காலத்தில்தான் ‘பொப்’ என்ற சொல்லும் எங்கட ஊருக்கு வந்தது. 1960களின் கடைசியில் யாழ்ப்பாணத்துக்காரரான நித்தி கனகரத்தினம் கிற்றாரை வைத்துக்கொண்டு ஊர்ப் பேச்சிலேயே பாட்டுக் கட்டினார். பைலாத் தாளம், கேலி, ஊர்ப்புதினம் எல்லாம் அதில் கலந்தது. ஏ.ஈ. மனோகரன் அந்த அலையை இந்தியாவுக்கும் கொண்டுபோனார். சோதனையில் ‘எனக்கு பொப் பிடிக்கும்’ என்று சொல்லுகிற பிள்ளைக்கு, தன் மொழியில், தன் பேரன்மார் காலத்தில், அப்படி ஒரு பொப் இருந்தது தெரியாமலே போகிறது. தெரிந்தால் ‘ஏன் பிடிக்கும்?’ என்ற அடுத்த கேள்விக்கு விழி பிதுங்கத் தேவையில்லை.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. றேடியோவும் கசற்றும் சேர்ந்த பெட்டிகள் கடையிலும் மத்திய கிழக்கிலிருந்து வந்தவர்களின் பெட்டியிலும் வந்திறங்கின. யாழ்ப்பாணத்தில் ரெக்கோடிங் பார்கள் திறந்தன. ஒரு வெறும் கசற்றும், பாட்டுகளின் பெயர் எழுதின ஒரு துண்டும் கொடுத்தால், பதிவு செய்து தருவார்கள். ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம், அதுக்குள் அடங்குகிற பாட்டுகள். எது வேணும், எது முதலில், எதை விடுகிறது என்று வீட்டில் இருந்து யோசித்துப் பட்டியல் எழுதினார்கள். ‘உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது?’ என்ற கேள்விக்கு எங்கட ஊர் எழுத்தில் கொடுத்த விடை அந்தத் துண்டுதான். ஐயெல்ட்ஸ் தேடுகிற அந்த ஆள், தன் பாட்டைத் தானே தெரிவு செய்கிற ஆள், அப்போதுதான் எங்கட ஊரில் பிறக்கத் தொடங்கினார். அவர் வளர நேரம் கிடைக்கவில்லை.

83க்குப் பிறகு

1983 யூலை 23 இரவு, திருநெல்வேலியில் பலாலி வீதியில் இராணுவ வாகனத் தொடர் மீது விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். பழிவாங்கலாக இந்தப் பக்கத்துப் பொதுமக்கள் சுடப்பட்டார்கள். அடுத்த நாளே கொழும்பில் தமிழருக்கு எதிரான வன்முறை தொடங்கியது. வீதிகளில் பஸ்சையும் காரையும் மறித்தவர்கள், தமிழரைப் பிரித்தறிய ஒரு வாளியைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார்கள் என்பது தப்பிவந்த பலரும் சொன்ன கதை. சிங்களத்தில் வாளிக்கு ‘பால்திய’. சொல்லின் முதலில் வருகிற அந்த அழுத்தமான ஒலி தமிழ் நாக்குக்கு இலகுவில் வராது. வராவிட்டால் அடி, தீ.

அதுவும் ஒரு பேச்சுச் சோதனைதான். பைபிளில் நியாயாதிபதிகள் ஆகமத்தில், ஆற்றங்கரையில் ஒரு சொல்லை உச்சரிக்கச் சொல்லி எதிரியைப் பிடித்த கதை இருக்கு. ஆளின் வாயைக் கேட்டு ஆளைத் தீர்மானிக்கிற பழக்கம் அவ்வளவு பழசு. ஐயெல்ட்ஸை அதோடு ஒப்பிடுகிறது அநியாயம். அங்கே உயிர் போனது, இங்கே போகிறது விசா. ஆனால் வாயைத் திறந்தால் எங்களைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு சமூகத்தின் உடம்பில் எப்படித் தங்கியிருக்கும் என்று யோசிக்காமல், ‘எங்கட பிள்ளையளுக்குக் கூச்சம்’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

1990 யூனில் போர் திரும்பத் தொடங்க, குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. யாழ்தேவி நின்றது. பொருளாதாரத் தடையில் அகப்பட்ட சாமான்களில் பற்றரியும் ஒன்று. அந்த வருசங்களில் பாட்டுக் கேட்ட விதத்தை இன்றைய பிள்ளையளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அல்லது ஸ்ராண்டில் விட்டு, ஒராள் பெடலைச் சுத்த வேண்டும். சில்லோடு உரசுகிற டைனமோவிலிருந்து ரெண்டு வயர் றேடியோவுக்குப் போகும். டைனமோ தருகிறது மாறுமின், றேடியோவுக்கு வேண்டியது நேர்மின், ஆகவே இடையில் டயோட் போடத் தெரிந்த அண்ணன் ஒருவர் ஒழுங்கையில் இருக்க வேண்டும். சுத்துகிறவர் களைத்தால் கசற் மெதுவாகும், பாடகியின் குரல் ஆம்பிளைக் குரலாக இழுபடும். எல்லாரும் சிரிப்பார்கள், அடுத்த ஆள் பெடலைப் பிடிப்பார்.

கேட்கிற பாட்டும் மாறியது. 1990 நவம்பரில் புலிகளின் குரல் வானொலி தொடங்கியது. இயக்கப் பாடல்கள் கசற்றாகவும் ஒலிபெருக்கியாலும் வந்தன. அதை விரும்பிக் கேட்டவர்கள் இருந்தார்கள், கேட்காமல் இருக்க முடியாததால் கேட்டவர்களும் இருந்தார்கள். தென்னிந்தியச் சினிமாப் பாட்டை ஒளித்துச் சத்தம் குறைத்துக் கேட்டவர்களும் இருந்தார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, சைக்கிளில் அரிசி மூட்டையும் அம்மம்மாவும் ஏறினார்கள். கசற் பெட்டிகள் பல வீட்டோடு நின்றுவிட்டன. 1996இல் திரும்பி வந்தவர்கள் பலர் அவற்றைக் காணவில்லை.

அந்த வருசங்களில் வெளிக்கிட்ட சனத்தின் பிள்ளைகள் இன்றைக்கு லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்குத்தான் இங்கே இருப்பவர்கள் சோதனை எழுதுகிறார்கள். பிரிட்டனில் இருக்கிற துணையிடம் போகிறவர்கள் ஆங்கிலம் தெரியும் என்று காட்ட வேண்டும் என்ற விதி 2010 நவம்பரில் வந்தது. 2015இல் அதற்கென்றே கேட்கிறதும் கதைக்கிறதும் மட்டும் உள்ள ஒரு சின்ன ஐயெல்ட்ஸ் வந்தது. அதில் ரெண்டு பேரைச் சேர்த்து இருத்தி, ஒருவரோடு ஒருவர் கதைக்க விடுவார்கள். கலியாணம் முடித்துக் காத்திருக்கிற ஒரு பிள்ளை, முன்பின் தெரியாத இன்னொரு ஆளிடம் ஆங்கிலத்தில் தன் விருப்பங்களைச் சொல்லித்தான் புருசனிடம் போக வேண்டும்.

அப்ப என்ன சொல்லுறது?

வழமையான ஐயெல்ட்ஸில் கதைக்கிற பகுதிக்குப் புள்ளி போடுகிற முறையைப் பார்ப்போம். நாலு விசயத்துக்குச் சரிசமமாகப் புள்ளி: தடக்காமல் கோர்வையாகக் கதைக்கிறது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நீங்கள் கேட்கிற பாட்டு உசத்தியா, பதிவா என்பதற்குப் புள்ளி இல்லை. மொசார்ட் என்று சொன்னால் கூடவும் இல்லை, கோயில் ஸ்பீக்கர் என்று சொன்னால் குறையவும் இல்லை. பாடமாக்கின விடையைக் கண்டுபிடிக்கச் சோதகர்களுக்குப் பயிற்சி இருக்கு. ஒப்புவிக்கிறவரின் குரல் ஒரே ஓட்டமாக ஓடும். அடுத்த கேள்வி கொஞ்சம் விலகி வந்தால் அந்த ஓட்டம் சட்டென்று அறும். உண்மையைச் சொல்லுகிறவருக்கு அப்படி அறாது, ஏனென்றால் சொல்ல இன்னும் மிச்சம் இருக்கும்.

‘எந்த நேரத்தில் பாட்டுக் கேட்பீர்கள்?’ என்ற கேள்விக்கு இப்படி யோசித்துப் பாருங்கோ: ‘உண்மையில் நான் கேட்கிற நேரத்தை நான் தெரிவு செய்கிறதில்லை. எங்கட வீடு கோயிலுக்குப் பக்கத்தில். திருவிழா வந்தால் காலமை ஐந்து மணிக்கே ஸ்பீக்கர் தொடங்கும். மற்ற நாளில் போனில் கேட்பேன்.’ நாலு சின்ன வசனம். வழமைக்கு ஒரு காலம், நிபந்தனைக்கு ஒரு ‘வந்தால்’, ஒப்பிட ஒரு ‘மற்ற நாளில்’. சோதகர் தேடுகிற இலக்கணம் எல்லாம் இதற்குள் தானாக வந்துவிடும்.

‘உங்கட நாட்டில் இசை கேட்கிற பழக்கம் மாறியிருக்கா?’ என்று கடைசிப் பகுதியில் கேட்டால், இந்தக் கட்டுரை முழுக்க அதன் விடைதான். ‘என் பெற்றோரின் இளமையில் மின்சாரம் இருக்கவில்லை. ஒரு பாட்டைக் கேட்க ஒராள் சைக்கிள் பெடலைச் சுத்த வேண்டியிருந்தது. ஆகவே அவர்கள் எப்பவும் கூட்டமாகத்தான் கேட்டார்கள். நான் காதுக்குள் ஹெட்செட் போட்டுத் தனியாகக் கேட்கிறேன்.’ இறந்தகாலம், காரணம், ஒப்பீடு, மாற்றம். ஒரு மாதிரி விடைப் புத்தகத்திலும் இது கிடைக்காது.

சோதனை முறை நாளைக்கு மாறப்போகிறதில்லை. பேரரசுகளின் மொழியில் எங்களை நாங்களே நிரூபிக்க வேண்டியிருக்கிறதும் உடனே மாறாது. கட்டணமும் எங்கட சம்பளங்களுக்கு மிகப் பெரிய தொகை. இதை எல்லாம் கேள்வி கேட்கத்தான் வேணும், கேட்போம். ஆனால் அந்த பதினொன்றிலிருந்து பதினாலு நிமிடம் எங்கட வாயில் இருக்கிற சொல் ஆருடையது என்பதை நாங்கள் தீர்மானிக்கலாம்.

வகுப்புக்குப் போகிறதுக்கு முதல் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கோ. அம்மா, அப்பா, அம்மம்மா, ஆர் இருந்தாலும் பக்கத்தில் இருந்து, சோதனையில் வருகிற அதே ஐந்து கேள்வியையும் தமிழில் கேளுங்கோ. நேயர் விருப்பத்துக்கு ஆர் ஆருடைய பெயரைப் போட்டு எழுதினீங்கள்? ரெக்கோடிங் பாருக்குக் கொடுத்த துண்டில் முதல் பாட்டு எது? பங்கருக்குள் றேடியோ கொண்டுபோனீங்களா? கோயில் மேளம் கேட்கப் போனால் எந்த இடத்தில் இருக்க விட்டவை? டைனமோ சுத்தினது ஆர்? அவர்கள் சொல்லுகிறதை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அதை மூன்று மூன்று வசனமாக ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கோ.